ஏலத்துக்குப் போன கதிரைகள்

யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து, 1980களின் இறுதியில் பாரிஸ் போய்ச் சேர்ந்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். வயதில் மூத்தவர். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு படத்தை அனுப்பியிருந்தார். அங்குள்ள ஏல நிறுவனமொன்றின் கையேட்டிலிருந்து எடுத்த படம். தேக்குச் சட்டம், பிரம்பு பின்னிய இருக்கை, பிரம்பு பின்னிய முதுகு, ஆங்கில 'வி' எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற கால்கள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "தம்பி, இது எங்கட கச்சேரியில கிடந்த கதிரை மாதிரியெல்லோ கிடக்கு? இதுக்குப் போய் இவ்வளவு ஆயிரம் யூரோவோ?"

அது கச்சேரிக் கதிரை அல்ல. ஆயினும் அவர் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை. அதுவும் ஓர் அரசாங்க அலுவலகக் கதிரைதான். இந்தியாவின் சண்டிகார் நகரில், எழுதுவினைஞர்களும் மாணவர்களும் வழக்கறிஞர்களும் அமர்வதற்காக 1950களில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. அதே கதிரை இன்று நியூயோர்க்கிலும் பாரிஸிலும் லண்டனிலும் செல்வந்தர் வீடுகளின் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி நிற்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

அதற்கு முன் ஒரு சிறு விலகல். ஈழத்தில் நாம் 'கதிரை' என்கிறோம். தமிழகத்தில் 'நாற்காலி' என்கிறார்கள். கதிரை போர்த்துக்கேயரின் 'கதெய்ரா'விலிருந்து வந்தது. மேசை, அலுமாரி, வாங்கு எல்லாமே அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள். பாயிலும் திண்ணையிலும் இருந்து பழகிய சமூகத்துக்குக் கதிரை அதிகாரத்தோடு சேர்ந்தே வந்தது. இன்றுகூட ஒருவர் பதவியில் இருக்கிறார் என்பதற்குப் பதிலாக 'கதிரையில் இருக்கிறார்' என்றுதான் பேசுகிறோம். நான் முதன்முதலாகச் சேர்ந்த பத்திரிகை அலுவலகத்தில் கைப்பிடி உள்ள கதிரை உதவி ஆசிரியருக்கு. கைப்பிடி இல்லாதது எங்களைப் போன்ற பயிலுநர்களுக்கு. கைப்பிடி கிடைப்பதற்கு எனக்கு நான்கு வருடங்கள் பிடித்தன.

சண்டிகாரின் கதை பிரிவினையில் தொடங்குகிறது. 1947 இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தபோது, அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபின் அரசு சிம்லாவில் தற்காலிகமாக இயங்கியது. இலட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்திருந்த மாகாணத்துக்குத் தலைநகர் இல்லை. புதிதாகவே ஒன்றைக் கட்டுவோம் என்று நேரு தீர்மானித்தார். முதலில் அமெரிக்கரான அல்பேர்ட் மேயரும் போலந்தைச் சேர்ந்த மத்தியூ நொவிக்கியும் திட்டம் வரைந்தனர். 1950 ஓகஸ்டில் எகிப்தில் நிகழ்ந்த விமான விபத்தில் நொவிக்கி உயிரிழந்தார். புதிய ஆட்களைத் தேடி பி.என். தாப்பர், பி.எல். வர்மா என்ற இரு அதிகாரிகள் ஐரோப்பா சென்றனர். அவர்கள் திரும்பியபோது லு கோர்பூசியே, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜென்னரே, ஆங்கிலேயத் தம்பதியரான மக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய நால்வரின் சம்மதமும் அவர்களிடம் இருந்தது.

உலகம் லு கோர்பூசியேயின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அவர் வருடத்துக்கு இருமுறை வந்து, பார்த்து, வரைந்து, திரும்பிப் போனவர். சண்டிகாரில் வாழ்ந்தவர் ஜென்னரே. 1896 இல் ஜெனீவாவில் பிறந்தவர். 1922 முதல் இருவரும் பாரிஸில் ஒரே அலுவலகத்தில் பணியாற்றினர். 1920களின் பிற்பகுதியில் சார்லொத் பெரியாந் என்ற பெண்மணியும் அவர்களுடன் சேர்ந்துகொள்ள, மூவருமாக உருக்குக் குழாய்களால் செய்த தளபாடங்கள் இன்றும் விலைபோகின்றன. இரண்டாம் உலகப் போர் சகோதரர்களைப் பிரித்தது. லு கோர்பூசியே விஷி அரசிடம் வேலை தேடிப் போனார். ஜென்னரே கிரெனோபிளில் நாஸி எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்தார். பத்தாண்டு கால விரிசலுக்குப் பின்னர் அவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்தது சண்டிகார்தான். 1951 இல் வந்த ஜென்னரே, ஃப்ரையும் ட்ரூவும் மூன்றாண்டுகளில் நாடு திரும்பிய பின்னரும் அங்கேயே தங்கிவிட்டார். உடல்நலம் குன்றி 1965 இல் புறப்படும்வரை பதினான்கு வருடங்கள்.

நகரொன்றைக் கட்டி முடித்தால் மட்டும் போதாது. செயலகத்துக்குள் மேசை வேண்டும். நீதிமன்றத்துக்கு வாங்கு வேண்டும். பல்கலைக்கழக நூலகத்துக்கு அலுமாரி வேண்டும். அக்காலத்து இந்தியாவில் அத்தனை தளபாடங்களைத் தொழிற்சாலையில் செய்து தரக்கூடியவர் இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யப் பணமும் இல்லை. எனவே ஜென்னரேயும் அவருடன் பணியாற்றிய இந்தியக் கட்டடக் கலைஞர்களும் கையில் இருந்ததைக் கொண்டு யோசித்தனர். கறையானுக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுக்கும் தேக்கு; வெக்கையில் முதுகு வியர்க்காமல் காற்றை உள்ளே விடும் பிரம்பு. ஒரு சாதாரண தச்சுப் பட்டறையில், சாதாரண கருவிகளைக் கொண்டு, வரைபடத்தைப் பார்த்துச் செய்யக்கூடிய வடிவம். அந்த 'வி' கால் பார்வைக்கு அழகுக்காக வைத்தது போலத் தோன்றும். உண்மையில் முன்காலையும் பின்காலையும் பிணைத்து, கைப்பிடியையும் தாங்கி நிற்கும் எளிய கணக்கு அது. பல பட்டறைகளுக்கு வேலை பகிர்ந்து கொடுக்கப்பட்டதால் ஒரு கதிரை மற்றொன்றைப் போல அச்சொட்டாக இருப்பதில்லை. ஒன்றின் கால் சற்றுத் தடிப்பு. மற்றொன்றின் முதுகு சற்றுச் சாய்வு.

இக்கதிரைகள் எல்லாம் 'ஜென்னரே கதிரை' என்றே இன்று விற்கப்படுகின்றன. அது முழு உண்மையல்ல. ஊர்மிளா யூலி சௌத்ரி என்ற பெண் கட்டடக் கலைஞரின் கையும் இவற்றில் இருக்கிறது. 1923 இல் பிறந்து, சிட்னியில் கட்டடக்கலை பயின்று, பின்னாளில் சண்டிகாரின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் பதவி வகித்தவர். எது அவருடையது, எது ஜென்னரேயுடையது என்று பிரித்தறிவது பல வேளைகளில் இயலாது. மரத்தை இழைத்த தச்சர்களுடைய பெயரோ, பிரம்பு பின்னியவர்களுடைய பெயரோ நான் பார்த்த ஏலக் கையேடு எதிலும் இல்லை.

2012 இல் டெல்லியில் நடந்த ஒரு பத்திரிகையாளர் பயிலரங்குக்குப் போயிருந்த வேளை, சதாப்தி ரயிலேறி ஒருநாள் பயணமாகச் சண்டிகார் சென்றேன். வரலாற்றை ஒரு பாடமாகப் படித்துக் கலைமாணிப் பட்டம் பெற்றவன் என்ற முறையில் இந்நகரைப் பற்றி ஓரளவு வாசித்திருந்தேன். 19 ஆம் செக்டரில், முன்பு கட்டடக் கலைஞர்களின் அலுவலகமாக இருந்த தாழ்வான கட்டடம் 2008 முதல் லு கோர்பூசியே நிலையமாக இயங்குகிறது. கடிதங்கள், வரைபடங்கள், அவற்றினிடையே கதிரைகள். அங்கே அவை காட்சிப் பொருட்கள். தொடக்கூடாது. பின்னர் பஞ்சாப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனால், அதே கதிரைகளில் மாணவர்கள் சாய்ந்து இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சிலவற்றின் பிரம்பு அறுந்து, பிளாஸ்ரிக் நாடா பின்னப்பட்டிருந்தது. நானும் ஒன்றில் அமர்ந்து பார்த்தேன். வசதியாகவே இருந்தது. சற்றுப் பதிவு, எழும்பும்போது முழங்கால் முறையிட்டது.

கதிரைகள் ஏன் வெளியே போயின? அரசாங்க அலுவலகம் எதையும் அறிந்தவர்களுக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. பிரம்பு அறுந்தால் திருத்துவதற்குக் கடிதம் எழுத வேண்டும். புதிதாக வாங்குவது அதைவிடச் சுலபம். 1970களுக்குப் பின்னர் சுழலும் கதிரையும் றெக்சின் மெத்தையும் அந்தஸ்தின் அடையாளங்களாயின. பழையவை மொட்டைமாடிகளில் குவிக்கப்பட்டு மழையிலும் வெயிலிலும் கிடந்தன. அதிகாரபூர்வமாகக் 'கழிக்கப்பட்டு' பகிரங்க ஏலத்தில் விறகு விலைக்கு விற்கப்பட்டன. இதற்கு மேலாக இன்னொரு காரணமும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. 1966 நவம்பரில் ஹரியானா தனி மாநிலமானது. சண்டிகார் மத்திய அரசின் நேரடி ஆட்சிக்குட்பட்ட பிரதேசமாகவும், பஞ்சாப், ஹரியானா இரண்டுக்கும் பொதுத் தலைநகராகவும் ஆனது. ஒரே கட்டடத் தொகுதியில் இரண்டு மாநில அரசுகள், ஒரு மத்திய நிர்வாகம், ஓர் உயர் நீதிமன்றம், அவற்றுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகம். ஒவ்வொன்றும் தன் பொருளைத் தானே கழித்தது. ஒட்டுமொத்தமாக எத்தனை கதிரைகள் இருந்தன, எத்தனை போயின என்று கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

கேட்டவர்கள் பாரிஸிலிருந்து வந்தார்கள். 1990களின் இறுதி தொடக்கம் அங்குள்ள சில தளபாட வணிகர்கள் சண்டிகாருக்கு வந்து, அந்த ஏலங்களில் கலந்துகொண்டு, உள்ளூர்ப் பழம்பொருள் வியாபாரிகளிடமும் வாங்கி, கொள்கலன்களில் ஏற்றிச் சென்றனர். சென்ற இடத்தில் துப்புரவாக்கி, புதிய பிரம்பு பின்னி, கண்காட்சி வைத்து, நூல்களும் வெளியிட்டனர். பிறகு ஏல நிறுவனங்கள் வந்தன. விறகு விலைக்குப் போன கதிரைக்குப் பல ஆயிரம் டொலர் விலை ஏறியது. கதிரையோடு நின்றதா என்றால் இல்லை. நகரின் வரைபடம் பொறிக்கப்பட்ட வார்ப்பிரும்புச் சாக்கடை மூடிகள்கூட ஏலத்தில் வந்தன.

விளக்கின் கதையும் இதனை ஒத்ததே. 1952 இல் மார்செய் நகரிலுள்ள குடியிருப்புத் தொகுதிக்காக லு கோர்பூசியே ஒரு கொங்கிறீற் விளக்கை வடிவமைத்தார். தலை கவிழ்ந்து தன் காலடியை நோக்கி ஒளிவிடும் குட்டையான உருவம் அது. விளக்கு என்பதைவிடச் சிற்பம் என்பதே பொருந்தும். அது சண்டிகாரின் சுக்னா ஏரிக்கரைக்கும் வந்தது. மாலையில் நடக்கப் போகும் சாதாரண சனங்களின் பாதைக்கு வெளிச்சம் தருவதே அதன் வேலை. இப்போது இத்தாலியின் நீமோ நிறுவனம் அதனை மீள உற்பத்தி செய்கிறது. கொங்கிறீற்றிலேயே சிறிய அளவில், வீட்டு மேசையில் வைப்பதற்கான பதிப்பும் உண்டு. வீதி விளக்கொன்று வரவேற்பறைக்குள் வந்துவிட்டது.

சண்டிகாரில் எதிர்ப்பு எழுந்தபோது கதிரைகளில் பெரும் பகுதி கடல் கடந்துவிட்டிருந்தது. 2011 இல் இந்திய உள்துறை அமைச்சு இப்பொருட்களை விற்பதையும் ஏலமிடுவதையும் தடை செய்தது. அதன் பின்னரே யாரோ எண்ணத் தொடங்கினார்கள். குழுவொன்று தயாரித்த பட்டியலில் 12,793 பொருட்கள் இடம்பெற்றன. வெளிநாட்டு ஏலங்களை நிறுத்தக் கோரிக் கடிதங்கள் பறந்தன. பயன் இல்லை. ஏனெனில் இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் ஒரு பொருளைத் தொல்பொருளாக ஏற்பதற்குக் குறைந்தது நூறு வயது கேட்கிறது. கதிரைகளுக்கு அந்த வயது வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மேலும் விற்றதோ அரசாங்கமே. வாங்கியவர் கையில் பற்றுச்சீட்டு இருக்கிறது. 2016 இல் யுனெஸ்கோ, ஏழு நாடுகளில் உள்ள லு கோர்பூசியேயின் பதினேழு படைப்புகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, சண்டிகாரின் சட்டசபை, செயலகம், உயர் நீதிமன்றம் அடங்கிய தொகுதியும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

வணிகர்களை மட்டும் திட்டி இக்கதையை முடிக்க எனக்கு மனம் இல்லை. தாங்கள் வாங்காதிருந்தால் இவை அடுப்புக்குப் போயிருக்கும் என்று அவர்கள் சொல்கிறார்கள். அது வசதியான வாதம்தான், ஆனால் பொய்யல்ல. எனது கோபமெல்லாம் 'பாவனைக்கு உதவாது' என்று ஒற்றை வரி எழுதிக் கையொப்பமிட்ட அந்தப் பெயர் தெரியாத அதிகாரியின் மீதுதான். பிறகு அந்தக் கோபமும் தணிந்துவிடுகிறது. எங்கள் பத்திரிகை அலுவலகம் இடம் மாறியபோது, ஈய அச்சு கோர்க்கும் பழைய மரத்தட்டுகளை லொறியில் ஏற்றி அனுப்பிய நாளில் நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றையாவது எடுத்து வைப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணினி வந்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தோம்.

இதே சண்டிகாரில் வேறொரு மனிதரும் இருந்தார். பெயர் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாதாரண வீதிப் பரிசோதகர். புதிய நகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளிலிருந்து உடைந்த பீங்கானையும் ஓட்டையும் கல்லையும் சைக்கிளில் சுமந்து வந்து, 1957 அளவில் தொடங்கி, அரசாங்கக் காட்டு நிலத்தில் எவருக்கும் தெரியாமல் சிலைகளைச் செய்து அடுக்கினார். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது ஏக்கர் கணக்கில் விரிந்திருந்தது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை, 1976 இல் 'பாறைத் தோட்டம்' என்று பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார்கள். குப்பையைப் பொறுக்கியவனைக் கௌரவித்த அதே நிர்வாகம், தன் மொட்டைமாடியில் கிடந்ததை மட்டும் பார்க்கவில்லை.

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013 இல் இக்கதிரைகளைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்தார். அதில் கதை பின்னோக்கிச் செல்கிறது. முதலில் சேகரிப்பாளர்களின் வீடுகளில் கதிரை, பிறகு ஏல மண்டபம், திருத்தும் பட்டறை, கப்பல், கடைசியாகச் சண்டிகார். விளக்கவுரை எதுவும் இல்லை. படத்தை முடித்த பின்னர் அவர் செய்ததுதான் வேடிக்கை. அதே படத்தை லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் விற்றார். அந்த ஏலத்தையும் படம்பிடித்து மற்றொரு படமாக்கினார்.

விலை ஏறியதும் போலிகள் பெருகின. புதிய தேக்கைப் பழையதாக்கி, கீறி, கறுப்பாக்கி விற்கும் கலை எங்கும் உண்டு. இன்னொரு புறத்தில் நேர்மையான மறுபதிப்புகளும் வந்தன. பெங்களூரில் பாந்தம் ஹாண்ட்ஸ் என்ற நிறுவனம் கைவினைஞர்களைக் கொண்டு இவ்வடிவங்களை மீளச் செய்கிறது. இத்தாலியின் கசீனா நிறுவனமும் 2019 முதல் ஜென்னரேயின் நினைவாக ஒரு தொடரை விற்கிறது. எது அசல், எது நகல் என்று தெரிந்துகொள்ள வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது கதிரையின் பின்புறத்தை. அங்கே தூரிகையால் எழுதிய சில எழுத்துகளும் ஓர் இலக்கமும் இருக்கும். எந்தத் திணைக்களம், எத்தனையாவது கதிரை என்பதற்கான அடையாளம். இருப்புப் பதிவேட்டைப் பிழையில்லாமல் வைத்திருப்பதற்காக எவரோ ஒரு சிற்றூழியர் அழகு பாராமல் எழுதியது. இன்று அந்த எழுத்து அழியாமல் இருந்தால் விலை அதிகம். அதனால் துப்புரவாக்கும்போது மரத்தை இழைத்தாலும் அந்த இடத்தில் மட்டும் கைவைப்பதில்லை.

இதனைப் பாரிஸ் நண்பருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. "என்ர கதிரைக்குப் பின்னாலயும் நம்பர் இருந்தது தம்பி. 214. இப்பவும் நினைவிருக்கு." அவருடைய பழைய கச்சேரிக் கட்டடம் போரில் சிதைந்து, கூரையற்ற சுவர்களாக நெடுங்காலம் நின்றதை அவரும் அறிவார்.

கதிரைக்கு அடையாளமிடும் வழக்கம் எங்கள் ஊரிலும் இருந்தது. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அயலிலிருந்து கதிரையும் கிடாரமும் இரவல் போகும். திரும்பி வரும்போது மாறிப்போகாமல் இருக்க, பாத்திரத்தில் பெயரின் முதலெழுத்தை வெட்டுவிப்பார்கள். கதிரையின் அடியில் மையால் எழுதுவார்கள். அப்பாவின் சாய்மனைக் கதிரையை யாரும் இரவல் கேட்பதில்லை. இருந்தும் அதன் வலது கைப்பலகைக்கு அடியில் தன் இரண்டு எழுத்துகளை உளியால் அவரே வெட்டியிருந்தார். முதிரை மரம். ஊர்த் தச்சர் ஒருவர் செய்தது. ஓய்வுபெற்ற பின்னர் பத்திரிகை முழுவதையும், மரண அறிவித்தல் உட்பட, அதில் சாய்ந்துதான் வாசிப்பார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. நான் அப்போது கொழும்பில் செய்தி அறையில் இருந்து, நகரம் வெறுமையாகிவிட்டது என்ற செய்திக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரு சைக்கிளையும் இரண்டு பைகளையும் கொண்டு போனார்கள். அப்பா பிறகு கொழும்பு வந்து, 1999 இல் காலமானார். கடைசிவரை கதிரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது நான் போய்ப் பார்த்தேன். வீட்டில் ஓடு இல்லை. யன்னல் நிலைகள் இல்லை. உள்ளே ஒரு வேப்பமரம் என் உயரத்துக்கு நின்றது.

ஒன்றிரண்டு வருடங்களின் பின், கொழும்பின் தெற்கே ஒரு பழம்பொருள் கடைக்கு வேறொரு கட்டுரை விடயமாகப் போயிருந்தேன். உள்ளே வரிசையாக யாழ்ப்பாணத்துக் கதவு நிலைகள். மூலையில் ஒரு சாய்மனைக் கதிரை. முதிரை. பிரம்பு புதிதாகப் பின்னப்பட்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வடக்கிலிருந்து" என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரிந்திருக்காது. குனிந்து, வலது கைப்பலகைக்கு அடியில் விரல்களால் தடவிப் பார்த்தேன். அடிப்புறமும் நன்றாக இழைத்து, மெருகெண்ணெய் பூசி, கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது.

வாங்கும் எண்ணம் உண்டா என்று அவர் கேட்டார். விலையைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.